நான் குடிக்காத பால்

ஜனவரி 9

மதியம் டப்பாவைத் திறப்பதற்குள் வானொலி அண்ணன் என் மேஜைக்கு வந்துவிட்டார். எங்கள் பல் லேபில் அவர் பிளாஸ்டர் அச்சு ஊற்றுகிறவர், நான் மெழுகில் பல் செதுக்குகிறவள். வாய் மூடாத மனிதர் என்பதால் அந்தப் பெயர். அவருக்கே தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். சோறு, கீரை, கொண்டைக்கடலை.

"ஏம்மா, உள்ள ஒரு உயிர் இருக்கு. அதுக்கும் புல்லுதானா?"

"இது கடலைண்ணே."

"அதைத்தான் சொல்றேன்."

எதைச் சொல்கிறார்? ஐந்து வருடமாக நான் கறி, மீன், முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. அந்த ஐந்து வருடமும் இதே மேஜையில்தான் சாப்பிட்டேன், ஒருவரும் என் டப்பாவைச் சீந்தவில்லை. வயிறு இன்னும் ஒழுங்காக வெளியே கூடத் தெரியவில்லை, அதற்குள் ஆளாளுக்கு அதற்குச் சொந்தம் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏன் விட்டாய் என்று வேறு கேட்கிறார்கள். பெரிய காரணமெல்லாம் இல்லை. ஒரு பண்ணைக்குப் போனபோது பிறந்த கன்றை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். தாய் மாடு கத்தியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு இறங்கவில்லை. நான் யாரிடமாவது போய் நீங்களும் விடுங்கள் என்றேனா?

ஜனவரி 14

ரத்தம் கொஞ்சம் குறைவாம்.

டாக்டரம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "பாதிப் பேருக்கு இப்படித்தான்மா இருக்கு. கறி சாப்பிடுறவங்களுக்கும்தான்." இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்து, உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஆலோசகர் ஒரு சின்னப் பெண். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"பி-ட்வெல்வ் மாத்திரை எடுக்குறீங்களா?"

"எடுக்குறேன்."

"தினமுமா?"

"பெரும்பாலும்."

"பெரும்பாலும்னு ஒரு மாத்திரை கிடையாதுங்க. செடி கொடியில அது கிடைக்காது. உங்களுக்காக இல்லாட்டியும் குழந்தையோட மூளைக்காக, நரம்புக்காக தினமும் போடணும். இதுல மட்டும் அசட்டையா இருக்காதீங்க. மத்ததையெல்லாம் தட்டுலயே கொண்டுவந்துடலாம்."

பருப்பு, சோயா, எள், கீரை. அதோடு எலுமிச்சை பிழிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டுப் பக்கத்தில் டீ கூடாது. நான் எதைச் சாப்பிடுவதில்லை என்று கேட்காமல் எதைச் சாப்பிடுகிறேன் என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். திட்டு வாங்கியும் சந்தோஷமாக வெளியே வந்தேன்.

வீட்டில் இவனிடம், என் புருஷனிடம், ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான். "சரியாயிடும்ல?" என்றான். ஆயிடும் என்றேன். "ம்" என்றான். இவனுடைய அகராதியில் பாதி அந்த "ம்"தான். லிஃப்ட் மெக்கானிக்; நாள் முழுக்க இருட்டுக் கிணற்றுக்குள் கம்பிகளோடு இருந்து இருந்து பேச்சு மறந்துபோயிருக்கும். வெளியில் பால், முட்டை எல்லாம் சாப்பிடுவான். வீட்டில் நான் சமைத்ததைச் சாப்பிடுவான். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவனும் இல்லையென்றால் எனக்கு எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும்.

ஜனவரி 15

அக்கா போன் செய்தாள். "கோவிச்சுக்காதடி. போன தடவை மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

போன தடவை. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்.

போன வருடம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. யார் மேலும் தப்பு இல்லை, சில கரு இப்படித்தான் நிற்காது என்று டாக்டரம்மா எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் என் தட்டைப் பார்த்தார்கள். பார்க்காத ஒரே ஆள் இவன். அன்று ராத்திரி வெகுநேரம் குழாயடியில் நின்று, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 2

காலையில் அடுப்புப் பக்கம் போனால் இன்னும் குமட்டுகிறது. போன மாத நடுவிலிருந்து காலைக் கஞ்சி இவன் பொறுப்பு. ஓட்ஸ், பேரீச்சை, வாழைப்பழம், ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெய். அபாரம். பக்கத்தில் போய் நின்றால் "போய் உக்காரு" என்று துரத்துகிறான்.

மார்ச் 17

அத்தை வந்துவிட்டார், மூன்று பையோடு. பிரசவம் முடிந்து குழந்தை தவழும்வரை இருப்பாராம். இவனுடைய அம்மாதானா என்று சந்தேகம் வரும். இவன் பேசாததையெல்லாம் சேர்த்து அவர் பேசுகிறார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"பால் குடிக்காதவளுக்குப் பால் எப்படிம்மா சுரக்கும்?"

"மாடு என்ன பால் குடிச்சா பால் குடுக்குது அத்தை? புல்லுதானே தின்னுது?"

செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டார். "மாட்டுக்கு என்ன, அது மாடு. நீ மாடா?"

பைகளை உள்ளே எடுத்து வைத்தேன்.

மார்ச் 29

முட்டையின் மகிமை பற்றி அத்தை காலையில். மீனின் மகிமை பற்றி வானொலி அண்ணன் மதியம். நெய்யின் மகிமை பற்றி மாடி வீட்டு அம்மா மாலையில், படிக்கட்டிலேயே மறித்து. மூன்று வேளையும் தவறாமல் வயிறு நிரம்புகிறது.

ஏப்ரல் 11

ரத்தம் ஏறிவிட்டது! டாக்டரம்மா "இதே மாதிரி போங்க" என்றார். ரிப்போர்ட்டை லேபில் வானொலி அண்ணனின் பிளாஸ்டர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். "மிஷின் தப்பா காட்டியிருக்கும்" என்றார்.

இவனிடம் காட்டினேன். என்றைக்கும் இல்லாத திருநாளாகப் பல் தெரியச் சிரித்தான்.

மே 20

லேபில் நாளையிலிருந்து விடுப்பு. குனிந்தால் மெழுகு தெரியவில்லை, வயிறுதான் தெரிகிறது.

ஜூன் 24

பெண். முந்தாநாள் பிறந்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. முகம் பட்டாணி மாதிரி உருண்டை, அதனால் பட்டாணி.

அத்தை அவளைக் கையில் வாங்கிக் கால் விரலை எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு" என்றார் ஆச்சரியத்தோடு. கீரை தின்றால் விரல் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ. இவன் ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 12

பால் தாராளமாக வருகிறது. ரவிக்கை, தலையணை, படுக்கை எல்லாம் பால். அத்தையிடம் காட்டினேன்.

"வருது சரி. சத்து இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

நான் இவர்களிடம் எதில் ஜெயிப்பது?

ஜூலை 30

பட்டாணி பால் குடித்ததும் முறுக்கிக்கொண்டு அழுகிறாள். கன்னத்தில் செதில் செதிலாகத் தடிப்பு. நான் தின்ற கடலைதான் காரணம் என்று அத்தை. சோயா என்று மாடி வீட்டு அம்மா. கீரை என்று அக்கா. நான் மூச்சு விடுவதுதான் பாக்கி, அதையும் யாராவது சொல்வார்கள்.

ஆகஸ்ட் 4

நாப்பியில் ரத்தம். நூல் மாதிரி, சளியோடு.

என்னால்தானா? எல்லாரும் சொன்னது உண்மைதானா? நான் ஒரு பிடிவாதக்காரி, என் பிடிவாதத்துக்கு இந்தக் குழந்தை — எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 6

பட்டாணி தூங்கிவிட்டாள். இப்போதே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் தலை வெடித்துவிடும்.

இவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அத்தையும் நானும்தான் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனோம். நாப்பியைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், எடை போட்டார்.

"எடை நல்லா ஏறியிருக்கு. பயப்படாதீங்க. சில குழந்தைங்களுக்கு மாட்டுப்பால்ல இருக்கிற புரதம் ஒத்துக்காது. அம்மா குடிச்சா அது தாய்ப்பால் வழியா குழந்தைக்கும் போகும். நீங்க பால், தயிர், நெய் எல்லாத்தையும் நிறுத்துங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. சில வாரத்துல சரியாயிடும்."

நான் சிரித்தேவிட்டேன். "டாக்டர், நான் பாலைத் தொட்டு அஞ்சு வருஷம் ஆச்சு."

"பிஸ்கட், ரொட்டி?"

"அட்டையைப் படிக்காம எதுவும் வாங்க மாட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வேற காரணமும் இருக்கலாம், பார்ப்போம். ஆனா எனக்குப் பார்த்தா அது மாதிரிதான் தெரியுது. வீட்டுல சமைக்கிறது யாரு?"

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அத்தை தரையைப் பார்த்தார்.

டாக்ஸியில் வீடு போகும்வரைகூடப் பொறுக்க முடியவில்லை. "எதுல கலந்தீங்க? சொல்லுங்க. குழம்புலயா? பருப்புலயா? எத்தனை நாளா?" கத்தினேன். டிரைவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டார், நன்றாகக் கேட்பதற்கு.

அத்தை என் பக்கம் முழுதாகத் திரும்பினார். அவர் கண்ணில் தண்ணீரை முதல் முறையாகப் பார்த்தேன்.

"ஏம்மா, நான் எதையாவது உனக்குத் தெரியாம செஞ்சு பார்த்திருக்கியா? வாயால திட்டுவேன். நாள் முழுக்கத் திட்டுவேன். கையால கள்ளத்தனம் பண்ண மாட்டேன். மறைச்சு செய்ய எனக்கு உன்கிட்ட என்ன பயம்?"

உண்மைதான். அந்த மனுஷிக்கு யாரிடமும் பயம் கிடையாது. அப்படியென்றால் ஏன் தரையைப் பார்த்தார்? "என் பிள்ளைதான் காலைல யாரையும் அடுப்படிக்குள்ள விட மாட்டேங்கிறான். அது டாக்டர் கேட்டப்பதான் எனக்குத் தட்டுச்சு" என்றார், மிக மெதுவாக.

சாயங்காலம் இவன் கிரீஸ் வாடையோடு வந்தான். டாக்டர் சொன்னதை அத்தை ஒரே மூச்சில் சொன்னார். இவன் ஷூவைக்கூட அவிழ்க்காமல் வாசல் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான்."

ஷூவின் நாடாவையே பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னான்.

"கஞ்சியில. பால் பவுடர். ரத்தம் குறைவுன்னு ரிப்போர்ட் வந்ததுலேர்ந்து."

ஏழு மாதம்! தினமும்! நானும் நன்றாக இருக்கிறது நன்றாக இருக்கிறது என்று வழித்து வழித்துக் குடித்திருக்கிறேன்.

"ஏன்?"

"பயமா இருந்துச்சு."

"பயமா இருந்தா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"போன தடவை..." என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பால் பவுடரைவிட அதுதான் உள்ளே இறங்கியது.

"அப்ப நீயும் என் தட்டைத்தான் பார்த்துட்டு இருந்தியா?"

இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தேன். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 7

அத்தை பவுடர் டப்பாவைக் கண்டுபிடித்து — பரணில், பழைய மின்விசிறிக்குப் பின்னால் — கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தார். "இப்பவும் சொல்றேன், பால் நல்லதுதான். ஆனா சொல்லிட்டுக் குடுக்கணும். இது என்ன, எலிக்கு வைக்கிற மாதிரி!" மகனோடு அவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது வீட்டில் மின்சாரம் போனது மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. ஏப்ரலில் ரத்தம் ஏறியபோது இவன் அப்படிச் சிரித்தானே — தன் பவுடரால்தான் ஏறியது என்று நினைத்தானாம்! பாலில் இரும்பு இருப்பதே அபூர்வம். அதோடு குடித்தால் மாத்திரை உடம்பில் சேர்வதும் குறையுமாம். நான் மாத்திரை போட, இவன் பின்னாலேயே அதை மறித்துக்கொண்டிருந்திருக்கிறான். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. என் தலையை அல்ல.

ஆகஸ்ட் 11

என் சாப்பாட்டை நானே சமைக்கிறேன். இவன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால்கூட கை நீள மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 15

அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா? போனால் அங்கே அக்கா இருப்பாள். அதுதான் தயக்கம்.

ஆகஸ்ட் 19

மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். இவன் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். நாப்பிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடுத்தான். பிறகு, கொடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். இவ்வளவு நீளமாக இவன் பேசி நான் கேட்டதில்லை.

"போன தடவை ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்னை வீட்டுல விட்டுட்டு வேலைக்குப் போனேன்ல. லிஃப்ட் கிணத்துக்குள்ள இறங்கி உக்காந்து அழுதேன். மேல ஆளுங்க பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தாங்க. சாப்பாட்டாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. இல்லைன்னு டாக்டர் சொன்னாங்க. எனக்கு யாரை நம்புறதுன்னு தெரியல. உன்கிட்ட கேட்டா உன்னைக் குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். கேக்காம இருந்தா பயம் போகல. அதான்..."

"அதான் திருட்டுத்தனம் பண்ணின."

"ம்."

"அந்த ம்-ஐ இன்னொரு தடவை சொன்னா வாளியைத் தூக்கிப் போட்டுடுவேன்."

"ஆமா. திருட்டுத்தனம்தான்" என்றான்.

நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று தோன்றியது. கலைந்த சமயத்தில் நான் எல்லாரிடமும் அழுதேன். அக்காவிடம், டாக்டரம்மாவிடம், வானொலி அண்ணனிடம்கூட. இவனை யாருமே எதுவும் கேட்கவில்லை. நானும்தான்.

அதற்காக? என் வாய்க்குள் போவது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டாமா? நான் என்ன வீட்டில் வளர்க்கும் ஜீவனா? கோபம் மறுபடி வருகிறது. வரட்டும். அது நியாயமான கோபம்.

ஆகஸ்ட் 29

நாப்பி சுத்தம்! மூன்றாவது நாளாகச் சுத்தம்! கன்னமும் ஆறிவிட்டது. உலகத்தில் யாராவது ஒரு நாப்பியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு இப்படிச் சந்தோஷப்பட்டிருப்பார்களா? அத்தை படிக்கட்டில் நின்று மாடி வீட்டு அம்மாவிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பால் குடிச்சதாலதான் வந்துச்சாம். நிறுத்தினதும் போயிடுச்சு. டாக்டரே சொல்லிட்டாரு. என் மருமகளுக்கு அப்பவே தெரியும்."

என் மருமகளுக்கு அப்பவே தெரியும்! ஆறு மாதமாக என் உயிரை எடுத்த வாய் இது.

செப்டம்பர் 25

டாக்டரிடம் இவனும் வந்தான். வாசலிலேயே என்னிடம், "நான் ஒண்ணு கேக்கணும். உன் முன்னாடியே கேக்குறேன்" என்றான். உள்ளே போய்க் கேட்டேவிட்டான்: "இவ சாப்பிடுறதால குழந்தைக்கு ஏதாவது குறையுமா?" காது மடல் சிவந்திருந்தது.

டாக்டர் நான் சாப்பிடுவதையும் போடும் மாத்திரைகளையும் வரிசையாகக் கேட்டார். "பி-ட்வெல்வை மட்டும் விட்டுடாதீங்க. பாப்பா நல்லா வளருது. வேற என்ன வேணும்?" பிறகு இவனைப் பார்த்து, "இந்தக் கேள்வியை முன்னாடியே கேட்டிருக்கலாம்" என்றார்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கேள்வி! இரண்டு நிமிடக் கேள்வி! அதற்காக ஏழு மாதம் பரணில் டப்பா!

அக்டோபர் 13

இவன் போட்ட கஞ்சியைக் குடித்தேன். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட வைத்தேன். போலீஸ் மாதிரி நின்றேன் என்று அத்தை சொன்னார். முன்பு இருந்த ருசி இல்லை. அதைச் சொல்லவில்லை.

நவம்பர் 18

லேபுக்குத் திரும்பிவிட்டேன். பட்டாணிக்குத் தாய்ப்பால் எடுத்து வைக்க அச்சு அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாலு சுவரிலும் அலமாரி, அலமாரி நிறைய பிளாஸ்டர் பல்செட்டுகள். பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அத்தனையும் என்னைப் பார்த்து இளிக்கின்றன.

வெளியே வந்தபோது வானொலி அண்ணன் பாட்டிலைப் பார்த்துவிட்டார். "இவ்வளவா! எதுலம்மா வருது?"

"புல்லுலதாண்ணே."

ஜனவரி 4

பட்டாணி சாப்பிட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. மசித்த பூசணி, உருளைக்கிழங்கு, பருப்பு. பாதி வாய்க்குள், மீதி புருவத்தில்.

இன்று காலை உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தேன். இவன் எதிரே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இவளுக்கு முட்டை குடுக்கணும்னு நினைக்கிறேன்."

"என்ன?"

"முட்டை. நீ சாப்பிட வேண்டாம், அது உன் இஷ்டம். ஆனா இவ என் பொண்ணும்தான். பால் ஒத்துக்கலன்னா முட்டையும் ஒத்துக்காதுன்னு அர்த்தம் இல்ல."

"பருப்புல இல்லாதது முட்டையில என்ன இருக்கு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குக் குடுக்கணும்னு தோணுது. வேண்டாம்னா ஏன் வேண்டாம்னு சொல்லு."

சொன்னேன். பண்ணையைச் சொன்னேன், கன்றைச் சொன்னேன், கோழியைச் சொன்னேன், அவளே வளர்ந்து முடிவு செய்யட்டும் என்றேன். "அப்ப அதுவரைக்கும் நீ முடிவு செஞ்சது மட்டும்தானா?" என்றான். என்ன திமிர்! கையிலிருந்த கரண்டியை மேஜையில் அடித்ததில் உருளைக்கிழங்கு தெறித்தது. இவன் குரலை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். இவனுக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது. அத்தை எட்டிப் பார்த்து, யார் பக்கம் சேர்வது என்று புரியாமல், டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பட்டாணி எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

முடிவு ஒன்றும் வரவில்லை. நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இவனும் விடுகிற மாதிரி இல்லை. வியாழக்கிழமை டாக்டரிடமும் அந்தப் பேனா கடிக்கிற பெண்ணிடமும் இரண்டு பேரும் போய்க் கேட்பது என்று இருக்கிறோம்.

அன்று போகும் வழியெல்லாம் சண்டைதான் நடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு இவனுக்கு இன்னும் இரண்டு காரணம் தோன்றியிருக்கிறதாம். நான் குளித்துவிட்டு வந்ததும் சொல்வானாம்.